ஒரு முழங்காலின் விலை

2022 அக்டோபர் 8, சனிக்கிழமை இரவு. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில், வடைத் தட்டுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த டிவியில் புரோ கபடி. தமிழ் தலைவாஸுக்கு அந்த சீசனின் முதல் ஆட்டம், எதிரே குஜராத் ஜெயண்ட்ஸ். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஓவர்டைம் முடித்து வந்தவர்கள் கையில் கிளாஸோடு நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரணி ரைடரைப் பிடிக்கப் பாய்ந்தார் தலைவாஸின் நட்சத்திர ரைடர் பவன் செராவத். பிடி விழுந்ததா என்று கண் தேடுவதற்குள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேட் மீது கிடந்தார். முதல் பாதிகூட முடிந்திருக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்தது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு தொழிற்சாலை அணிக்கு ரைட் கார்னர் ஆடியவர் எங்கள் தெரு அண்ணன் ஒருவர். டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “முட்டி போச்சுப்பா. இந்த சீசனுக்கு இவன் அவ்ளோதான்.” அப்படியே நடந்தது. பவன் அந்த சீசனில் திரும்பி வரவேயில்லை.

அந்த முழங்காலுக்குத் தலைவாஸ் கொடுத்திருந்த விலை 2 கோடியே 26 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். அதுவரை புரோ கபடி காணாத தொகை. ஓர் அணி தன் வீரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துச் செலவிடக்கூடிய உச்சவரம்பே அந்த ஆண்டு 4 கோடியே 40 லட்சம்தான். பாதிக்கும் மேலான பணத்தை ஒருவர் மேல் வைத்துவிட்டு, மிச்சத்தில் குறைந்தது பதினேழு பேரைத் தேற்ற வேண்டியிருந்தது.

பவன் விழுந்ததற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பு, செப்டம்பர் 18 அன்று, கலிஃபோர்னியாவில் ஒரு கணுக்கால் முறிந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் டிரே லான்ஸ். அமெரிக்கக் கால்பந்தில் அவர் குவார்ட்டர்பேக்: ஆட்டத்தின் அநேகமாக ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் வந்து சேரும் கை. எறிவதா, பக்கத்தில் ஓடுபவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று மூன்று நொடிக்குள் அவர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த ஒருவரைப் பெற, கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2021-ல் மூன்றாவது இடத்துக்கு முன்னேறுவதற்காக, ஃபார்ட்டி நைனர்ஸ் தன்னிடமிருந்த மூன்று முதல் சுற்று வாய்ப்புகளை மயாமி அணிக்குக் கொடுத்திருந்தது. லான்ஸ் அந்த அணிக்காக முதல் ஆளாகக் களமிறங்கியது மொத்தம் நான்கே ஆட்டம். 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்காக அவரை டல்லஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சென்னையின் மேற்குப் புறநகரில் அமெரிக்கக் கால்பந்து பார்ப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அந்த விளையாட்டின் தலையாய புதிர் நமக்குப் பழகியதுதான். ஒரே ஆளை நம்பி நிற்கும் ஆட்டத்தில், இன்னும் தேறாத ஓர் இளைஞனுக்கு என்ன விலை கொடுப்பது? நம்மிடம் அந்தப் புதிருக்குப் பெயர் ரைடர்.

கபடியில் ஆட்டம் நாற்பது நிமிடம், ஒரு ரைடுக்கு முப்பது நொடி. ஒவ்வொரு ரைடும் முழு நேரத்தை எடுத்தால் எண்பது ரைடு, ஆளுக்குப் பாதி என்றால் ஓர் அணிக்கு நாற்பது. ஒரே ஆள் இத்தனை முறைதான் பாடிப் போகலாம் என்ற வரம்பு கிடையாது. அவன் அவுட்டானாலும், அணி எதிரணியில் ஒருவரை அவுட்டாக்கினால், தன் முறை வரும்போது உள்ளே வந்துவிடுவான். பயிற்சியாளருக்கு இது எத்தனை பெரிய சபலம் என்று யோசித்துப் பாருங்கள். 2019-ல் ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 39 ரைடு புள்ளிகள் எடுத்தவர் இதே பவன். அதற்கு முந்தைய சீசனின் இறுதி ஆட்டத்தில் பெங்களூரு புல்ஸ் எடுத்த 38 புள்ளிகளில் 22 அவருடையவை. அப்படி ஒருவனைக் கண்ணால் பார்த்துவிட்ட முதலாளி ஏலத்தில் கையைக் கீழே இறக்கமாட்டார். தலைவாஸ் இறக்காததில் எனக்கு ஆச்சரியமில்லை. 2017-ல் லீகுக்குள் வந்த அந்த அணி முதல் இரண்டு சீசனில் தன் பிரிவிலும், மூன்றாவதில் மொத்தப் பட்டியலிலும் கடைசி இடத்தில்தான் முடித்திருந்தது. பசித்தவன் பந்தியில் விலை கேட்கமாட்டான்.

டிராஃப்ட் என்ற ஏற்பாடே பசித்தவர்களுக்காகப் பிறந்ததுதான். முப்பதுகளில் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில் பணக்கார அணிகள் கல்லூரியின் நல்ல பையன்களையெல்லாம் அள்ளிக்கொண்டிருந்தன. தோற்றுத் தோற்றுக் கையில் காசில்லாமல் நின்ற ஃபிலடெல்ஃபியா அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் ஒரு யோசனை சொன்னார்: போன ஆண்டு கடைசியில் வந்தவன் இந்த ஆண்டு முதலில் தேர்ந்தெடுக்கட்டும். 1936 பிப்ரவரி 8-ல் முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் பெயராக அழைக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் கடைசிவரை தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. பேரம் படியாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். முதல் தேர்வே வீண் என்று அந்த வரலாறு தொடங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏலத்தில் பணம் பேசும், டிராஃப்டில் வரிசை பேசும். பணமாக இருந்தாலும் வரிசையாக இருந்தாலும், அதைக் கையில் வைத்திருப்பவன் தன் கண்ணை அளவுக்கு மீறி நம்புகிறான் என்று எண்களோடு காட்டியவர்கள் கேட் மேசி, ரிச்சர்ட் தேலர் என்ற இருவர். தேலர் பின்னர் 2017-ல் பொருளாதார நோபல் பெற்றவர். 2005-ல் வெளிவந்த அவர்களின் ஆய்வில் ஓர் எண் இருக்கிறது. ஒரே இடத்துக்கு ஆடும் இருவரில் முன்னால் தேர்ந்தெடுக்கப்பட்டவன், அவனுக்கு அடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவனைவிட நன்றாக ஆடுவதற்கான வாய்ப்பு 52 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டால் 50. அந்த இரண்டு சதவீதத்துக்காக அணிகள் தங்கள் எதிர்காலத்தை அடகு வைக்கின்றன. முன்வரிசை இடத்தை யாராவது ஆசைப்பட்டுக் கேட்டால் கொடுத்துவிட்டு, பின்வரிசையில் இரண்டு மூன்று இடங்களை வாங்கிக்கொள் என்பதே அந்த ஆய்வின் ஆலோசனை. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள்கூட அதைப் படிக்கலாம்.

குவார்ட்டர்பேக் விஷயத்தில் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டது. 2010 டிராஃப்டின் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர், அதில் 5 கோடி உறுதித்தொகை. அடுத்த ஆண்டு புதியவர்களின் சம்பளத்துக்குக் கடிவாளம் போட்டார்கள். 2011-ன் முதல் தேர்வான கேம் நியூட்டனுக்குக் கிடைத்தது நான்கு ஆண்டுக்கு 2 கோடியே 20 லட்சம். அன்றிலிருந்து, தேறிவிட்ட இளம் குவார்ட்டர்பேக் என்பவன் நான்கு ஆண்டுக்கு மலிவாகக் கிடைக்கும் பொக்கிஷம். அவனுக்குக் கொடுக்காமல் மிச்சப்பட்ட பணத்தில் மற்ற இடங்களையெல்லாம் நிரப்பலாம். தேறினால்தான்.

முழங்காலும் கணுக்காலும் போன பிறகு இரண்டு அணிகளிலும் என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன். ஃபார்ட்டி நைனர்ஸில் லான்ஸுக்கு அடுத்து ஆடியவரும் டிசம்பரில் காயம்பட்டார். மூன்றாவதாக உள்ளே வந்த பையன் பிராக் பர்டி. 2022 டிராஃப்டில் மொத்தம் 262 பேர். பர்டி 262-ஆவது. கடைசியாக அழைக்கப்படுபவனை ‘ஒன்றுக்கும் ஆகாதவர்’ என்று பட்டப்பெயர் சூட்டிக் கேலி செய்வது அங்கே வழக்கம். அவர் முதல் ஆளாக இறங்கிய முதல் ஆட்டத்தில் எதிரே நின்றது டாம் பிரேடி, அவரும் ஒரு காலத்தில் 199-ஆவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பர்டியின் அணி 35–7 என்று வென்றது. 2024 பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதி வரை அணியைக் கொண்டுபோனார், கூடுதல் நேரத்தில் அணி தோற்றது. அந்த சீசனில் அவருடைய ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 8 லட்சத்து 70 ஆயிரம் டாலர். அணிகளுக்கான உச்சவரம்பு 22 கோடி டாலருக்கு மேல். அதில் இவர் பங்கு அரை சதவீதம்கூட இல்லை.

தலைவாஸில் அந்த இடத்துக்கு வந்தவர் நரேந்தர் என்ற ஹரியானா இளைஞர். பெரிய விலைக்கு ஏலத்தில் எடுக்கப்பட்டவர் அல்ல. இளம் வீரர் திட்டத்தின் வழியே வந்து, முதல் சீசன் ஆடியவர். அந்த ஒரே சீசனில் இருநூறு ரைடு புள்ளிகளைத் தாண்டினார். பின்னால் சாகர் ராட்டி, சாஹில் குலியா என்று இரண்டு கார்னர்களும் பூட்டுப் போட்டதுபோல நின்றார்கள். இடையில் பயிற்சியாளரும் மாறி அஷன் குமார் வந்தார். அணி ஐந்தாவது இடம் பிடித்து, முதல் முறையாக அடுத்த சுற்றுக்குப் போனது. யு.பி. யோதாஸுடன் 36–36 என்று சமன், டை-பிரேக்கரில் வெற்றி. டிசம்பர் 15 அரையிறுதியில் புனேரி பல்டனிடம் இரண்டே புள்ளியில் தோல்வி. பவன் இல்லாத அந்த சீசன்தான் தலைவாஸின் அதுவரையிலான மிகச் சிறந்த சீசன்.

இங்கேயே நிறுத்தினால் கதை அழகாக முடிந்துவிடும்: நட்சத்திரம் வேண்டாம், பொடியன்கள் போதும். டீக்கடையில் நாங்களும் அப்படித்தான் பேசிக்கொண்டோம். ஆனால் அடுத்த சீசனில் தலைவாஸ் அதே பையன்களை வைத்துக்கொண்டு ஆடி ஒன்பதாவது இடத்தில் முடித்தது. அதற்கு அடுத்த சீசனில் மறுபடி மனம் மாறி, சச்சின் தன்வரை ஏலத்தின் உச்ச விலையான 2 கோடியே 15 லட்சத்துக்கு எடுத்தது. மறுபடியும் ஒன்பதாவது.

மற்ற அணிகளின் கணக்கைப் பார்த்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. 2023 ஏலத்தில் உச்சவரம்பு 5 கோடியானது. தெலுங்கு டைட்டன்ஸ் 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம் கொடுத்து அதே பவனை எடுத்தது. இந்த முறை முழங்கால் தாங்கியது, பவனும் புள்ளிகளை அள்ளினார். அணி 22 ஆட்டங்களில் இரண்டே வெற்றியுடன் கடைசி இடம். அதே ஏலத்தில் புனேரி பல்டன் 2 கோடியே 35 லட்சம் கொடுத்தது ஈரானின் முகமதுரேசா ஷாட்லூயிக்கு. இதுவும் உச்சவரம்பில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. புனே கோப்பை வென்றது. மறு ஆண்டு ஷாட்லூயியை 2 கோடியே 7 லட்சத்துக்கு எடுத்த ஹரியானா ஸ்டீலர்ஸும் கோப்பை வென்றது.

ஆக, ஒரே ஆளுக்குப் பாதிப் பணம் கொடுத்தவன் கடைசியிலும் வந்திருக்கிறான், முதலிலும் வந்திருக்கிறான். வித்தியாசம் எங்கே? ஷாட்லூயி முதலில் பிடி ஆட்டக்காரர், பிறகுதான் ரைடர் என்பது ஒன்று. எல்லோரும் ரைடருக்கு அடித்துக்கொள்ளும் சந்தையில் புனே தடுப்பாட்டத்துக்குப் பணம் கொட்டியது. ஆனால் என் பார்வையில் அதைவிட முக்கியம் வரிசைமுறை. புனே அந்தப் பணத்தைக் கொடுத்தபோது அஸ்லாம் இனாம்தார், மோஹித் கோயத் போன்றவர்கள் இளம் வீரர்களாகவே வந்து அந்த அணிக்குள்ளேயே வளர்ந்து தயாராக இருந்தார்கள். யுவா பல்டன் என்று சொந்தமாக நாற்றங்கால் போட்டு வைத்திருந்த அணி அது. சுவர் எழுப்பிக் கூரை போட்ட பிறகு வாங்கிய தேக்குக் கதவு ஷாட்லூயி. டைட்டன்ஸ் கதவை வாங்கிவிட்டு அதை எங்கே மாட்டுவது என்று தேடியது.

2017-ல் கேன்சஸ் சிட்டி அணி பேட்ரிக் மஹோம்ஸை எடுத்ததும் இந்த வரிசையில்தான். முந்தைய சீசனில் 16 ஆட்டங்களில் 12 வென்ற அணி. அனுபவசாலியான குவார்ட்டர்பேக் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். 27-ஆவது இடத்திலிருந்து பத்தாவது இடத்துக்கு விலை கொடுத்து முன்னேறி மஹோம்ஸை எடுத்து, ஏறக்குறைய ஓர் ஆண்டு முழுக்கப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அதே டிராஃப்டில் சிகாகோ இரண்டாவது இடத்துக்கு முன்னேறி மிட்செல் டிரூபிஸ்கியை எடுத்தது. அவரைப் பற்றி இன்று பேச்சில்லை. லான்ஸ் விஷயத்தில் ஃபார்ட்டி நைனர்ஸ் தவறியது. ஆனாலும் கவிழவில்லை, ஏனென்றால் மற்ற இடங்களில் ஆள் இருந்தார்கள். 2022-ல் தலைவாஸைக் காப்பாற்றியதும் இரண்டு கார்னர்கள்தாம். ஆள் தேர்வில் தவறு நடக்காமல் இருக்காது. தவறினாலும் தாங்குகிற அணியா என்பதே கேள்வி.

பையன் தேறுவானா என்று எதை வைத்துச் சொல்வது? அமெரிக்காவில் டிராஃப்டுக்கு முன்பு இண்டியானாபொலிஸில் எல்லோரையும் வரவழைத்து ஓடவிட்டு, தாண்டவிட்டு, உயரம் பார்த்து, உள்ளங்கையின் அகலம்வரை அளக்கிறார்கள். நாற்பது கெஜ ஓட்டத்தில் டாம் பிரேடி எடுத்துக்கொண்டது 5.28 விநாடி. அந்த மந்தமான காலோடுதான் அவர் ஏழு சூப்பர் பவுல் வென்றார்.

எங்கள் பக்கத்தில் அளப்பது எடையை மட்டும்தான். பட்டாபிராம் பக்கம் ஒரு பொங்கல் போட்டி, 60 கிலோ பிரிவு. பழைய இரும்புக் கடையிலிருந்து இரவல் வாங்கிவந்த தராசு, அதன் முன் வரிசை. ஒரு பையனுக்கு 60 கிலோ 300 கிராம் காட்டியது. அவன் இறங்கி, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஆறு ரவுண்டு ஓடினான். திரும்ப ஏறினான், அறுபதுக்கு மேல் இன்னும் 100 கிராம். கையிலிருந்த செம்புக் காப்பைக் கழற்றினான். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு திரும்பி நின்று இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணையும் கழற்றி நண்பன் கையில் கொடுத்தான். முள் அறுபதில் நின்றது. அடுத்த அரை மணியில் அவன் நான்கு பரோட்டா சாப்பிட்டதையும் பார்த்தேன்.

அன்று என் பக்கத்தில் நின்ற அண்ணன் தராசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பாடிப் போறப்ப எவனும் நல்லாத்தான் தெரிவான் தம்பி. அவுட் ஆகி வெளிய உக்காந்திருக்கான்ல, அப்பப் பாரு” என்றார். உட்கார்ந்திருப்பவன் எதிரணியின் பிடி வரிசை எப்படி நகர்கிறது, எந்தக் கார்னர் முந்திக்கொண்டு காலை நீட்டுகிறான் என்று பார்க்கிறானா, அல்லது தண்ணீரைக் குடித்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்கிறானா? மறுபடி உள்ளே வந்த பிறகு, இரண்டு ரைடு வெறுமனே திரும்பி, மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் அவனே முன்வந்து போகிறானா, பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கிறானா? தராசிலோ நிறுத்துக் கடிகாரத்திலோ இவை தெரியாது. குவார்ட்டர்பேக்கைத் தேடுகிறவர்கள் உள்ளங்கையை அளந்துவிட்டுக் கோட்டைவிடுவதும் இந்த இடத்தில்தான்.

எங்கள் பையன்களுக்கு இன்னொரு தடை மண். புரோ கபடி மேட்டில், ஷூ போட்டு ஆடுவது. இங்கே போட்டிகளில் பெரும்பாலானவை வெறுங்காலோடு மண்ணில். மண்ணில் வழுக்கிக்கொண்டு கோட்டைத் தொட்டுப் பழகியவன் மேட்டில் கால் ஒட்டிக்கொண்டு தடுமாறுவான். ஒரு நாள் தேர்வு முகாமில் அவனைப் பார்ப்பவர் வேகம் போதாது என்று எழுதிவிடுவார். ஒரு மாதம் மேட் கொடுத்துப் பார்த்தவர் வேறு எழுதுவார்.

பையனின் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது, அதை முதலாளிகள் பேசுவதில்லை. ஏலம் வருவதற்கு வெகுகாலம் முன்பே எங்களிடம் டிராஃப்ட் உண்டு, பெயர்தான் வேறு: ஸ்போர்ட்ஸ் கோட்டா. ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, மின்வாரியம், போலீஸ். தேர்வில் பாடிக் காட்டினால் ஓய்வுபெறும் வயதுவரை சம்பளம். 2022 ஏலத்தில் கடைசிப் பிரிவு வீரருக்கு அடிப்படை விலை 6 லட்சம். எஸ்டேட்டில் சி.என்.சி. மெஷின் ஓட்டுபவனுக்கு அது பெரிய பணம். ஆனால் ஒரு சீசனுக்குத்தான், முழங்கால் இருக்கும்வரைதான். பவனையே பாருங்கள்: 2023-ல் 2.605 கோடி, 2025 ஏலத்தில் 59 லட்சத்து 50 ஆயிரம். அப்போது எடுத்ததும் தலைவாஸ்தான். இதையெல்லாம் பார்த்துவிட்டு, ஏலத்தைவிட ரயில்வே வேலையே மேல் என்று நினைக்கும் ஆவடிப் பையனிடம் நான் வாதாடமாட்டேன்.

பக்கத்தில் இருப்பவன் கண்ணுக்குத் தெரிவது தூரத்தில் இருப்பவனுக்குத் தெரியாது என்பதற்கு இங்கேயே ஒரு சான்று உண்டு, கிரிக்கெட்டில். தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-ல் தொடங்கியபோது டிராஃப்ட் முறை. 2023-ல்தான் ஏலத்துக்கு மாறியது. அந்த முதல் ஏலத்தில் சாய் சுதர்சனைக் கோவை அணி எடுத்த விலை 21 லட்சத்து 60 ஆயிரம். அப்போது ஐபிஎல்லில் குஜராத் டைட்டன்ஸ் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது 20 லட்சம். உள்ளூர் லீக் ஐபிஎல்லைவிடக் கூடுதலாக மதிப்பிட்டது. அந்த ஆண்டு ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் சுதர்சன் 96 ரன் எடுத்தார்.

தமிழின் பெயரில் ஆடும் கபடி அணியின் முக்கிய ஏழு பேரில் தமிழ்நாட்டவர் ஒருவரோ இருவரோதான் என்ற குறை இங்கே நெடுநாளாக உண்டு. மொழிப் பாசத்தில் சொல்லவில்லை. நரேந்தர் ஹரியானாவிலிருந்து வந்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் 2 கோடிக்கு ஒரு முழங்காலை வாங்கும் அணி, அதில் சின்னப் பங்கைச் செலவிட்டு இருபது பையன்களுக்கு ஓராண்டு மேட்டும் ஷூவும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுத்துப் பார்க்கலாம். பதினெட்டுப் பேர் தேறாமல் போகட்டும், இருவர் போதும்.

தலைவாஸின் தேர்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சொந்த அரங்கம் இருக்கும் பெரியமேட்டிலிருந்து மூர் மார்க்கெட் ரயில் நிலையத்துக்கு நடந்தே வந்துவிடலாம். காணும் பொங்கலன்று ஆவடி லோக்கல் ஏறுங்கள். காலை எட்டு மணிக்கெல்லாம் தராசு வந்துவிடும். அதைப் பார்க்க வேண்டாம். சாயங்காலம் வரை இருந்து, அவுட் ஆகி வெளியே உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள்.